அடியில் கொஞ்சம் ஈயம்

யொன்.
ஒரே ஓர் அசை.
எங்கள் எஸ்தோனியக் கரையில் இது குழந்தைகளுக்கான வசவு.
பனிக்காலணி மாட்டமாட்டேன் என்று
தரையில் புரளும் மூன்று வயதிடம்
"உன் யொன்னை விடு" என்போம்.
அதே சொல்லைத்தான்
வலை கிழிந்தபின்னும் கடலுக்குப் போகிறவனுக்கும் வைத்திருக்கிறோம்.
வேறு சொல் தேடச் சோம்பலா,
இரண்டும் ஒன்றுதான் என்று
யாருக்கோ முன்பே தெரிந்திருந்ததா,
நான் கேட்டதில்லை.

நாற்பத்தாறு வருடம்
அதை ஒரு பக்கமாகவே தேய்த்தேன்.
கூரை வேய ஆள் வைக்க எல்மார் மறுத்தபோது, யொன்.
ஒழுகும் படகை விற்க மறுத்தபோது, யொன்.
வடிகால் பள்ளம் எவர் நிலத்தில் வளைகிறது என்று
அண்ணன் ஹெய்னோவோடு
பத்தொன்பது வருடம் பேசாமல் இருந்தாரே,
அப்போதெல்லாம் கதவை அறைந்துகொண்டு சொன்னேன்.
அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.
ஹெய்னோவின் முயலுக்கும் அப்படித்தான்.
ஒரே பள்ளத்தில் பிடித்த முயல்கள்.

பிப்ரவரியில், மீன் புகையிடும் கொட்டகையில்
எல்மாரின் வலப்பக்கம் அணைந்தது.
மீன் கரிந்த வாடை வந்துதான்
நான் போய்ப் பார்த்தேன்.

பார்னு மருத்துவமனை, மூன்றாம் மாடி.
பேச்சுப் பயிற்சி தருகிற ட்ரீனு
படங்களை ஒவ்வொன்றாய்க் காட்டினாள்.
கோப்பை. வரவில்லை.
கரண்டி. வரவில்லை.
என் புகைப்படம்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
நான் என் கோட்டின் பொத்தானைப் பார்த்தேன்.

பிறகு பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேசையில் வைத்தாள்.
வயிறு பெருத்தது, சிவப்புச் சாயம் உரிந்தது.
தள்ளினால் சாயும், சாய்ந்தால் நிமிரும்.
யொன்னிபுன் என்று அதற்குப் பேர்.
எல்மார் இடக்கையால் தள்ளினார்.
நிமிர்ந்தது.
தள்ளினார்.
நிமிர்ந்தது.
மூன்றாம் முறை ஓங்கி அறைந்தார்.
அது மேசையைத் தாண்டி உருண்டு
கட்டிலுக்கடியில் போய் நிமிர்ந்தது.
"யொன்" என்றார்.
தெளிவாக, எரிச்சலாக,
நான் சொல்லும் அதே ராகத்தில்.

ட்ரீனு கைதட்டினாள்.
"இருக்கிறதே! இவரிடம் யொன் இருக்கிறதே!"
என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னாள்.
நான் வெளுக்க வெளுக்கத் துவைத்த சொல்லைப் புரட்டிப் போட்டு
உட்பக்கம் இன்னும் சாயம் போகாமல் இருப்பதைக் காட்டிய
அந்தச் சின்னப் பெண்மேல்
எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

அதன்பின் எதற்கும் அதே சொல்.
தண்ணீர் வேண்டும், யொன்.
கழிப்பறை, யொன்.
கஞ்சி வேண்டாம் என்றால்
வாயை இறுக்கிக்கொண்டு, சொல்லாமலே யொன்.
ஏப்ரலில் கம்பியைப் பிடித்து எழுந்தார்.
வாழ்நாளெல்லாம் ஒற்றைக்காலில் நின்ற மனிதருக்கு
அன்றுதான் உண்மையிலேயே ஒற்றைக்கால்.
நடுங்கியது. நின்றார்.
பதினோரு வினாடி. ட்ரீனு எண்ணினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெய்னோ வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
கறுப்பு ரொட்டி ஒன்றை ஜன்னலோரம் வைத்தார்.
ஒருவருக்குப் பேச்சு வரவில்லை,
மற்றவருக்குப் பேச மனம் வரவில்லை.
நடுவில் பொம்மை.
வெகுநேரம் கழித்து ஹெய்னோ ஒரு விரலால் தொட்டார்.
அது தம்பி பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.
தம்பி தொட்டார்.
இந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.
அரைமணி நேரம் இப்படியே.
பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
இதற்கும் அந்தச் சொல்தானா என்று
எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவர் போனபின் பொம்மையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன்.
மன உறுதி என்று உள்ளே ஒன்றும் இல்லை.
வெறும் கூடு,
அடியில் கொஞ்சம் ஈயம்.

எல்மார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வை" என்றார்.
வைக்கே என்பது என் பெயர்.
வைத் என்றால் எங்கள் பேச்சில் வாயை மூடு.
இரண்டும் அந்த ஒரே அசையில்தான் தொடங்கும்.
நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
கடைசிப் பேருந்து
ஆறு நாற்பதுக்குப் போய்விட்டது.